மைனஸ் பதினைந்துக்கு இந்தப் பக்கம்

காலை ஒன்பதே காலுக்கு அன்ரனெற் டேகெயாரின் பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வலது கையை மட்டும் வெளியே நீட்டிப் பார்ப்பாள். சுவரில் மாட்டியிருக்கும் ஐபாட்டில் குளிர் எத்தனை, காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு எத்தனை என்று எல்லாம் எழுதித்தான் கிடக்கும். ஆனாலும் அவளுக்குத் தன் கை சொன்னால்தான் நம்பிக்கை. பேசாலைக் கடற்கரை வெயிலில் வளர்ந்த கை அது. அதைக் கேட்டால் ஒக்டோபர் மாதத்திலேயே பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லும்.

கையை இழுத்துக்கொண்டு, "ஐயோ மாதாவே" என்று கதவை அடித்துச் சாத்துவாள். அன்றைய தீர்ப்பு அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் டேகெயார் அது. அன்ரனெற் அங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அந்தப் பதினொரு வருடமும் குளிரைப் பார்த்து, பிள்ளைகளை வெளியே விளையாட விடுவதா என்று முடிவெடுத்தது பொறுப்பாளராக இருந்த மயூரி. "வெளிக்கிடுத்துங்கோ" என்று மயூரி சொன்னால் அன்ரனெற் முணுமுணுத்தபடி பிள்ளைகளை வெளிக்கிடுத்துவாள். பழி வந்தால் மயூரிக்கு, குளிர் வந்தால் தனக்கு என்று நிம்மதியாக இருந்த காலம். ஜனவரியில் மயூரி முழங்கால் ஒப்பரேஷனுக்கு மூன்று வாரம் லீவில் போக, பொறுப்பு அன்ரனெற்றின் தலையில் வந்து விழுந்தது.

சட்டம் ஒன்றும் சிக்கலானதல்ல. காற்றையும் சேர்த்து மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால் எல்லாரும் உள்ளே. மைனஸ் பத்து வரைக்கும் எல்லாரும் வெளியே, மறுபேச்சில்லை. இரண்டுக்கும் நடுவிலே என்றால் பொறுப்பாளர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வெளியே விட்டாலும் கால் மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. அந்த ஜனவரியோ, இவளைச் சோதிக்கவே வந்ததுபோல ஒவ்வொரு நாளும் அந்த நடுவிலேயே நின்றது. மைனஸ் பதினொன்று, மைனஸ் பதின்மூன்று, மைனஸ் பன்னிரண்டு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திங்கட்கிழமை, "முத்தத்து ஐசுக்கு உப்புப் போடேல்லை, பிள்ளையள் வழுக்கி விழுங்கள்" என்றாள். செவ்வாய்க்கிழமை, "காத்து ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். அவளோடு அதே அறையில் வேலை செய்யும் நதீஷாவுக்கு இருபத்தைந்து வயது, இங்கேயே பிறந்தவள், கோட்டுக்குச் சிப்புப் போடாமல் பஸ்சுக்கு நிற்கிற சாதி.

"அன்ரி, மைனஸ் பதினொண்டுதான். இற்ஸ் நத்திங்!"

"உனக்கு நத்திங். நாளைக்குப் பதினாறு மூக்கும் ஒழுகேக்க நீயோ துடைக்கப்போறாய்?"

"துடைக்கிறது நான்தானே அன்ரி, எப்பவும்."

அது உண்மை என்றபடியால் அன்ரனெற் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

புதன்கிழமை சாட்டுகள் தீர்ந்துபோயின. உப்புப் போட்டிருந்தது, காற்றும் இல்லை, வெயில்கூட எறித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றரை வயதுத் தியானாவின் பையில் ஒரேயொரு கையுறை இருந்தது.

இந்த இடத்தில் டேகெயார்க் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்ரனெற்றின் அறையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர். எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் பார்க்கலாம். ஒரு பிள்ளை வெளியே போக முடியாதென்றால், அந்த ஒன்றோடு ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். மற்றவர் பதினைந்தை வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே ஒரு பிள்ளைக்குக் கையுறை இல்லையென்றால் பதினாறு பேரும் உள்ளே. இதற்காகவே மேலதிகக் கையுறைகள் ஒரு கூடை நிறைய இருக்கும். ஆனால் அந்தக் கூடையைத் தோய்த்துக் கொண்டு வருகிறேன் என்று அன்ரனெற் முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். தோய்த்தும் ஆயிற்று. காரின் பின்பெட்டியில் அது பத்திரமாக இருந்தது. கொண்டுவர மறந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"பிள்ளையள், தியானாவுக்கு ஒரு கிளவ்ஸ்தான் இருக்கு. அதால இண்டைக்கு வெளிய போகேலாது" என்று அறைக்கு நடுவில் நின்று அறிவித்தாள். குரலில் கவலை இருந்தது, நெஞ்சில் நிம்மதி இருந்தது.

அடுத்த நாளும் ஒரு கையுறைதான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வலது கை இருக்கும், இடது கை இருக்காது.

இரண்டாவது திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, டேகெயார்க் குசினி யன்னலுக்குள்ளால் அன்ரனெற் விஷயத்தைக் கண்டாள். தியானாவின் அப்பா விதுஷன் காரை நிறுத்தி, பின்சீற்றிலிருந்து மகளை இறக்கினான். பிள்ளைக்கு மூன்று சுவெற்றர், அதற்கு மேலே ஜக்கெற், கழுத்தைச் சுற்றி மப்ளர், காதில் பஞ்சு. உருண்டு திரண்டு நடக்க முடியாமல் நின்றாள். அவன் குந்தியிருந்து தொப்பியைச் சரிபார்த்தான். பிறகு அவளுடைய பையைத் திறந்து, ஒரு கையுறையை எடுத்து, தன் ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அன்ரனெற் அதைக் கண்டாள், கண்டும் ஒரு சொல் சொல்லவில்லை. விதுஷன் உள்ளே வந்து, "அன்ரி, மைனஸ் பதின்மூண்டு எண்டு போட்டிருக்கு. பாத்துச் செய்யுங்கோ என்ன" என்றான். "ஓம் தம்பி, நான் பாக்கிறன்" என்றாள் இவள். வேலிக்கு ஓணான் சாட்சி.

அவனில் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. தியானா ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. போன வருடம் பெப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டி, மூக்கில் குழாயும் பக்கத்தில் மெஷினுமாக பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அந்தப் பதினொரு நாளும் விதுஷன் வேலைக்குப் போகவில்லை, கதிரையை விட்டு எழும்பவில்லை. கோடை முடிய டொக்டர் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, பிள்ளைக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, மற்றப் பிள்ளைகளைப்போல ஓடி விளையாட விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் விதுஷனின் காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. குளிர் நெஞ்சில் இறங்கிவிடும் என்று நம்புகிற தகப்பனுக்கு எந்தப் படத்தைக் காட்டி என்ன செய்வது? அன்ரனெற்றும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவள்தானே.

பிள்ளைகளுக்கோ பத்து நாளாகக் காற்றே படவில்லை. பதினாறு பேரும் அறைக்குள் கொதித்தார்கள். கட்டின கோபுரங்கள் எல்லாம் உதைபட்டு விழுந்தன. இரண்டு பேர் ஆளை ஆள் கடித்தார்கள். மாக்கஸ் என்ற நான்கு வயதுக்காரன், இருக்கிற ஆட்களிலேயே பெரிய சத்தக்காரன், மத்தியான நித்திரையை முற்றாகக் கைவிட்டான். அவனுடைய தாய் ஸ்டெபனி பின்னேரம் வந்து, "அன்ரி, உவன் இரவு ஒம்பது மணிக்கு சோபாவில ஏறி நிண்டு குதிக்கிறான். கொஞ்சம் வெளிய விட்டுக் களைக்கப் பண்ணுங்கோவன்" என்று கைகூப்பாத குறையாகக் கேட்டாள்.

"நான் என்ன பிள்ளை செய்யிறது? ஒரு பிள்ளையிட்டைக் கிளவ்ஸ் இல்லையே" என்றாள் அன்ரனெற். மாக்கஸ் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றான்.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் அப்பிள் துண்டு தின்னும் நேரத்தில்தான் அன்ரனெற்றுக்குக் கண் திறந்தது. தியானா தன் தட்டை எடுத்துக்கொண்டு மாக்கஸின் மேசைக்குப் போனாள். மாக்கஸ் பக்கத்துக் கதிரையில் உள்ளங்கையை வைத்து மறித்தான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வதென்றால், "நீ இங்க இருக்கேலாது. உன்னாலதான் நாங்கள் வெளிய போறேல்லை." அடுத்த மேசையில் இருந்த மூன்று பேரும் சேர்ந்தாற்போல் தங்கள் பக்கத்துக் கதிரைகளில் கையை வைத்தார்கள்.

தியானா அழவில்லை. சண்டைக்கும் போகவில்லை. பழகிப்போன ஆளைப்போலத் திரும்பி நடந்து, யன்னலோரம் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, தட்டை மடியில் வைத்துத் தின்னத் தொடங்கினாள்.

அன்ரனெற் கையிலிருந்த அப்பிள் தட்டை மேசையில் வைத்தாள். "இது எத்தினை நாளா நடக்குது?" என்று நதீஷாவைக் கேட்டாள்.

"லாஸ்ற் வீக்கில இருந்து அன்ரி. நான் பேசினால் அந்த நேரம் மட்டும் விடுவினம். நான் சொன்னனான்தானே. யூ வேர் பிஸி."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தான் ஒவ்வொரு காலையும் அறைக்கு நடுவில் நின்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னது அன்ரனெற்றின் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. கையை உள்ளே இழுத்துக்கொண்டது தான். கூடையைக் காரில் ஒளித்ததும் தான். அதற்கான தண்டனையை மூன்றரை வயதுப் பிள்ளை நிலத்தில் இருந்து அனுபவிக்கிறது.

மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு தியானாவின் பாயருகே போய் இருந்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிள்ளை கண்ணை மூடவில்லை.

"அன்ரி."

"என்ன ராசாத்தி?"

"நாளைக்கு நான் வீட்டில நிண்டால், அவை எல்லாரும் வெளிய போகலாம்தானே?"

அன்ரனெற் போர்வையைப் பிள்ளையின் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். பிள்ளை கோபத்தில் கேட்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கேட்டது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கந்தோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விதுஷனுக்கு ரெலிபோன் எடுத்தாள். அவனுக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. பின்னால் வண்டிகள் கூக்கிட்டபடி ஓடுகிற சத்தம் கேட்டது. டேகெயார் நம்பரைக் கண்டு முதல் மணியிலேயே எடுத்திருந்தான்.

"அன்ரி! பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டும் இல்லைத் தம்பி. நல்லா இருக்கிறா. பயப்பிடாதேங்கோ. ஒரு கிளவ்ஸ் விசயமாக் கதைக்கத்தான்."

மறுபக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கள் எடுத்து வைக்கிறதை நான் கண்டனான்" என்றாள். "கண்டுபோட்டும் பேசாமல் இருந்தனான். எனக்கும் அது வசதியாத்தான் இருந்தது. உங்களுக்குப் பயம், எனக்கும் பயம். ஆனா எங்கட பயத்தைத் தூக்கிப் பிள்ளையின்ர தலையில வைச்சிட்டம். மற்றப் பிள்ளையள் அவவைப் பக்கத்தில இருக்க விடுகினமில்லை."

தியானா பாயில் கிடந்து கேட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதை ரெலிபோனில் சொல்லக் கூடாது என்று பட்டது.

விதுஷன் வண்டிச் சத்தம் இல்லாத பக்கம் ஒதுங்கினான். "டொக்டர் விடச் சொன்னவர்தான் அன்ரி. எனக்குத் தெரியும். ஆனா அவ ஒருக்கா இருமினாலே எனக்கு அந்த மெஷின் சத்தம்தான் கேக்கும்." மூக்கை உறிஞ்சினான். "நீங்களே முடிவெடுங்கோ. நீங்கள் என்ன செய்தாலும் சரி. ஆனா எனக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் நான் இங்க வேலை செய்யமாட்டன்."

வியாழக்கிழமை காலை அவன் அன்ரனெற்றின் முகத்தைப் பாராமல் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினான். பையைத் திறந்தால் அன்றைக்கும் ஒரு கையுறைதான். வாய் சம்மதித்திருக்கிறது, கை சம்மதிக்கவில்லை. அன்ரனெற்றுக்குச் சிரிப்பும் வந்தது, அவனில் பாசமும் வந்தது. காருக்குப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதே காலுக்கு ஐபாட் மைனஸ் பதினாறு காட்டியது. சட்டப்படி எல்லாரும் உள்ளே. கேட்க ஆளில்லை, பழி சொல்லவும் ஆளில்லை. போன கிழமை என்றால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். இன்றைக்கோ ஐபாட்டுக்கு முன்னால் பால் பொங்கக் காத்திருக்கிறவள்போல நின்றாள். "மாதாவே, ஒரு ரெண்டு கூட்டித் தா" என்றாள். மைனசில் கூட்டினால் குளிர் கூடுமா குறையுமா என்று சந்தேகம் வந்து, "இல்லையில்லை, குறைச்சுத் தா" என்றாள். அதிலும் சந்தேகம் வந்து, "உனக்கு விளங்கும்தானே" என்று மாதாவிடமே விட்டுவிட்டாள். ஒன்பது ஐம்பதுக்கு மைனஸ் பதினான்கு ஆனது.

அவள் கையை வெளியே நீட்டிப் பார்க்கவில்லை. நேரே அறைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"பிள்ளையள், எல்லாரும் இஞ்ச பாருங்கோ. அன்ரி ஒரு பொய் சொன்னனான். நாங்கள் வெளிய போகாதது தியானாவால இல்லை. கிளவ்ஸ் எல்லாம் அன்ரியின்ர காருக்குள்ள இருந்தது. அன்ரிக்குக் குளிரெண்டால் சரியான பயம். அதுதான் உங்களை வெளிய விடேல்லை." பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

பதினாறு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். பெரிய ஆட்கள் பயப்படுவார்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

"பூட்ஸ் போட்டாலும் பயமா?" என்று கேட்டான் மாக்கஸ்.

"ஓம். போட்டாலும் பயம்."

"எங்கட அம்மாவுக்கு றக்கூனுக்குப் பயம்" என்றது ஒரு பிள்ளை. தன்னுடைய அப்பாவுக்கு ஊசிக்குப் பயம் என்றது இன்னொன்று. அதோடு ஒவ்வொருவரும் வீட்டிலிருப்போரின் பயங்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். அன்ரனெற் இரவு முழுக்க யோசித்து வைத்த மன்னிப்பு அந்தச் சந்தடியில் காணாமல் போயிற்று. மாக்கஸ் மட்டும் தியானாவின் பக்கம் திரும்பி, "அப்ப நீ இல்லையா?" என்று கேட்டான். "நான் இல்லை" என்றாள் தியானா. "ஓகே" என்றான். அந்த வழக்கு அத்தோடு தீர்ந்தது.

பதினாறு பேரை வெளிக்கிடுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. பனிக்காற்சட்டை, பூட்ஸ், ஜக்கெற், தொப்பி, கையுறை. கடைசி ஆளுக்குச் சிப்பு இழுக்கும்போது முதல் ஆளுக்கு மூத்திரம் வந்தது. நதீஷா பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். தியானாவின் மூன்று சுவெற்றரில் ஒன்றைக் கழற்றி, இடது கைக்குக் கூடையிலிருந்து ஒரு பச்சைக் கையுறையை அன்ரனெற் மாட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. அன்ரனெற்றின் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓட, தியானா படியில் நின்று காலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு ஒரு கால் வைத்தாள். பூட்ஸ் பனிக்குள் பொதுக்கென்று இறங்கியது. திடுக்கிட்டுக் குனிந்தாள், நிமிர்ந்து நீளமாக மூச்சை இழுத்து, இருமினாள்.

அன்ரனெற்றின் உயிர் ஒரு கணம் நின்றுதான் போனது. விதுஷன் சொன்ன மெஷின் சத்தம் அவளுக்கே கேட்டது. ஓடிப்போய்ப் பிள்ளையின் முன்னால் முழங்காலில் விழுந்து முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிள்ளையின் வாய் நிறையப் பனி. கீழே குனிந்து அள்ளி வாய்க்குள் போட்டது விக்கியிருக்கிறது. வாயைத் துடைத்துவிட்டால் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிறாள்.

"தியானா! கம் ஹியர்!" என்று வேலியோரப் பனிக்கும்பியின் உச்சியில் நின்று மாக்கஸ் கத்தினான். அவள் அன்ரனெற்றின் கையைத் தள்ளிவிட்டு ஓடினாள். விழுந்தாள், எழும்பினாள், திரும்பவும் விழுந்தாள். ஏறிச் சறுக்கினாள். அன்ரனெற் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, பல் கிடுகிடுக்க நின்றாள். சந்தோசத்திலும் பல் கிடுகிடுக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சரியாகக் கால் மணித்தியாலத்தில் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள்.

பின்னேரம் நான்கு மணிக்கே விதுஷன் வந்துவிட்டான். நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டி வந்தானோ தெரியாது. கோட் கொளுவிகளுக்குக் கீழே இருக்கும் சின்ன வாங்கில் முழங்கால் நாடியை இடிக்க இருந்துகொண்டு, அன்ரனெற்றை நிமிர்ந்து பார்த்தான். தனக்குச் சொல்ல வேண்டாம் என்ற ஆள், கேட்காமல் இருக்க முடியாமல் தவித்தான்.

"அழுதவளோ அன்ரி?" என்றான் கடைசியில்.

"ஓம். நல்லா அழுதவ."

அவன் முகம் வெளிறியது. அன்ரனெற் அவனை ஒரு நிமிடம் தவிக்க விட்டாள். ஏழு நாள் கையுறை களவெடுத்ததுக்கு அவ்வளவு தண்டனையாவது வேண்டும்.

"உள்ள வரச் சொன்னதுக்கு" என்றாள். "கதவடியில குந்திக்கொண்டு எழும்பமாட்டன் எண்டு ஒரே குளறல். நதீஷாதான் தூக்கிக்கொண்டு வந்தவள்."

விதுஷன் சிரிக்கத்தான் பார்த்தான். அதற்குள் தியானா அறையிலிருந்து ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. அவன் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காதை நெஞ்சோடு வைத்துக் கேட்டான். அங்கே ஒரு கோளாறும் இல்லை.

"அப்பா, நான் நாளைக்கு வீட்டில நிக்கத் தேவையில்லை" என்றாள் தியானா.

"ஏன் செல்லம் வீட்டில நிக்கவேணும்?"

"நான் நிண்டால் அவை வெளிய போகலாம் எண்டு நினைச்சன்." பெரிய நல்ல செய்தி ஒன்றைக் கொண்டு வந்தவள்போல அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஆனா நான் வந்தாலும் எல்லாரும் வெளிய போகலாமாம் அப்பா."

விதுஷன் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்குவதைக் கண்ட அன்ரனெற், தனக்கும் கண் நிறைந்தபடியால், அவனுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வாங்கிலேயே இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தியானா மட்டும், அடுத்த நாளைக்கு மைனஸ் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.